தொண்ணூற்று மூன்று டிகிரி

முப்பத்தேழாவது ஃப்ரேமில்
புகை நொண்டத் தொடங்கியது.

நாற்பது விநாடியில் ஒரு ஃப்ரேம் தந்த கார்டு
இப்போது ஆறு நிமிடம் கேட்கிறது.
மிச்சம் இருநூற்று மூன்று.
இருபது மணி நேரமும் சொச்சமும்.
நாளைக் காலை ஒன்பதுக்கு ஜோஹானஸ்பர்கில்
லிண்டிவே காபியோடு உட்கார்ந்து பார்ப்பாள்,
காப்பீட்டு விளம்பரம் ஒன்றுக்காக
நான் கொளுத்திய கரும்புத் தோட்டத்தை.

டோங்காட்டில் மாலை ஏழு.
பத்துக்கு மின்வெட்டு என்கிறது அட்டவணை.

முதலில் டிரைவரைச் சந்தேகித்தேன்.
செவ்வாய்க்கிழமைதான் புதியது போட்டது.
பழையதற்குத் திரும்பினேன்: ஆறு நிமிடம்.
மெமரி நிரம்பி வழிகிறதோ என்று
புகையின் கட்டங்களைப் பெரிதாக்கினேன்.
புகை பஞ்சுமிட்டாய் ஆயிற்று;
நேரம் ஐந்தே முக்கால்.
பிரவுசரை மூடினேன்,
அதில் பாதி நிரப்பிய வீட்டுக்கடன் படிவத்தோடு.
ஆறு.

அம்ஷ்லாங்காவிலிருந்து குபேந்திரன் போனில் சொன்னான்,
"சாஃப்ட்வேர் கார்டைக் கைவிட்டு
ப்ராசஸரிடம் போயிருக்கும், பார் பிரபாஷ்னி."
போகவில்லை. கார்டுதான் இழுக்கிறது.
வேலை நூறு சதவீதம்,
வேகம் ஒன்பதில் ஒன்று.
பின்னால் அவன் வீட்டில் குக்கர் விசில்.
"சூடு எவ்வளவு?"

மூன்று மணி நேரமாக
நான் கேட்காத ஒரே கேள்வி.

தொண்ணூற்று மூன்று.

சோம்பல் இல்லை அது.
வெந்துபோகாமல் வேலையை முடிக்க
தானே கண்டுபிடித்த நடை.
நானோ அதைத் திட்டித் திட்டி
ஒவ்வொரு அமைப்பாகத் திருகிக்கொண்டிருந்தேன்.

பெட்டிக்கு நான்கு திருகாணி,
ஒன்று போன வருடமே காணோம்.
மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன்.
விசிறியின் இதழ்களுக்குப் பின்னால்
தகடுகளின் இடுக்கெல்லாம்
கறுப்புச் சுருள்கள், மயிரிழை மயிரிழையாய்.
கரும்புச் சோகையின் சாம்பல்.

ஆலைக்கு வெட்டும் மாதங்களில்
சாலைக்கு அப்பால் வயலைக் கொளுத்துவார்கள்.
காற்று மலைப்பக்கமிருந்து வந்தால்
கொடியில் காயும் வெள்ளைப் படுக்கைவிரிப்பு
என் கண்ணெதிரே புள்ளி புள்ளியாகும்.
உதறுவேன், சபிப்பேன், ஜன்னலைச் சாத்திவிட்டு
திரையில் சாம்பல் செய்யப் போவேன்.
இரண்டு முறை திருப்பி அனுப்பினாள் லிண்டிவே:
"நெருப்பு சரி. சாம்பல் மட்டும் பொய்யாக விழுகிறது."

மூன்று வாரம்.
என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி
அது உட்கார்ந்திருந்தது.

கன்னத்துக்குச் சிவப்பு தடவும் தூரிகையும்
பக்கத்து வீட்டு ஹேமல்ராஜின் கால்பந்து பம்பும்.
ஒவ்வொரு அடிக்கும் மேசைமேல் ஒரு குட்டி மேகம்.
தும்மினேன். இன்னொரு மேகம்.

ஒரு துணுக்கை மட்டும் உள்ளங்கையில் எடுத்து
நாற்காலிமேல் ஏறி நின்று விட்டேன்.
நேராக விழவில்லை.
பாதியில் நின்றது, யோசித்ததுபோல்;
இரண்டு புரளல்; பிறகு இடப்பக்கம்
ஏதோ நினைவு வந்தாற்போல் சறுக்கி
அலமாரிக்கு அடியில் போய்விட்டது.
இன்னொன்று. அது வேறு மாதிரி.
ஆறேழு முறை ஏறி இறங்கினேன்.
வாசலில் பம்புக்காக நின்ற ஹேமல்ராஜ்
எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார்.

எடையைக் குறைத்தேன்,
காற்றின் பிடியைக் கூட்டினேன்,
எல்லாத் துணுக்குக்கும் ஒரே எண் என்பதை அழித்தேன்.
முதல் ஃப்ரேமிலிருந்து மறுபடி.

அறுபத்தெட்டு டிகிரி.
நாற்பத்து நான்கு விநாடி.
அந்த நான்கு எங்கே போனதென்று
தேட எனக்குத் தெம்பில்லை.

எழுபத்தோராவது ஃப்ரேமில் மின்சாரம் போயிற்று,
அட்டவணைக்கு மூன்று நிமிடம் முன்னதாக.
விசிறி நின்ற நிசப்தத்தில்
வயல் வெடிக்கும் சத்தம் கேட்டது.
ஒரு ஃப்ரேம்கூடத் தவறாமல்
அங்கே எரிந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டுக்கு மின்சாரம் வரும்.
இரண்டரைக்குள் முடியும், வந்தால்.

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.
மறுபடி திறந்து
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாத்தினேன்.